தீ இல்லாமல் வந்த தீ டிரிப்: ராமநாதபுரம் கரையோர எரிவாயு டர்பைன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மார்கழி மாத அதிகாலை. டர்பைன் முப்பத்துச் சொச்சம் மெகாவாட்டில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி தாண்டிய சில நிமிடங்களில் எரிபொருள் வால்வுகள் மூடிக்கொண்டன, ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்தது. கண்ட்ரோல் ரூம் திரையில் முதல் காரணமாக வந்து நின்றது: தீயணைப்பு அமைப்பு டிரிப், அதாவது தீ என்று கருதி இயந்திரத்தை உடனே நிறுத்தும் கட்டளை. ஷிப்ட் ஆட்கள் டார்ச்சோடு டர்பைன் அறைக்கு ஓடினார்கள். புகை இல்லை, கருகல் நெடி இல்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் நிரம்பியபடியே இருந்தன. தீயணைப்பு பேனலில் ஒரு அலாரம்கூடப் பதிவாகவில்லை.

விடிந்ததும் பழி அந்தப் பேனல் மீதே விழுந்தது. டிரிப் சமிக்ஞை அனுப்பும் ரிலேயை மாற்றினார்கள், வயர்களை இறுக்கினார்கள், இயந்திரத்தை மறுபடி ஓட்டினார்கள். பழைய ரிலேயை மேசையில் வைத்துச் சோதித்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில்தான் கருவிப் பிரிவுக்குச் சந்தேகம் தட்டி, என்னைக் கூப்பிட்டார்கள்.

எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. இந்த மாவட்டத்து மண்ணுக்கடியில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. மழைக்காலத்தில் வாடை, கோடையில் சோளகம். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் உப்போடுதான் வரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பாலத்தைத் தின்னும் காற்று, கதவு சாத்திய ஏசி அறைக்குள் இருக்கும் கார்டைத் தின்னாது என்று நம்புகிறவர்கள் நிறைய.

மூன்று பேர் ஓட்டு

கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று மடங்கு மாற்றுள்ளது. ஆர், எஸ், டி என்று மூன்று ரேக். ஒவ்வொன்றிலும் தனி பிராசசர், தனி பவர் சப்ளை, தனி தொடர்பு கார்டு. ஜிஇ நிறுவனத்தின் மார்க் ஃபைவ், மார்க் சிக்ஸ் வகை டர்பைன் கட்டுப்பாட்டு அமைப்புகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். மூன்றும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும், உள்ளீடுகளைத் தங்களுக்குள் பகிர்ந்து ஓட்டெடுக்கும். அளவுகளுக்கு நடு மதிப்பு, ஆம்-இல்லை சமிக்ஞைகளுக்கு மூன்றில் இரண்டு. ஒரு ரேக் விழுந்தாலும் இயந்திரம் ஓடும். விற்பவர் சொல்வது அவ்வளவுதான், அது உண்மையும்கூட.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. விழுந்த ரேக் ஓட்டெடுப்பிலிருந்து ஒதுங்கி நிற்பதில்லை. அதன் இடத்தில் முன்கூட்டியே வைத்த ஓர் இயல்பு மதிப்பு எண்ணப்படுகிறது. இந்த நிலையத்தின் டிரிப் கான்டாக்ட்கள் எல்லாம் மூடியிருந்தால் நலம், திறந்தால் ஆபத்து என்ற முறையில் கட்டப்பட்டவை. தகவல் வராவிட்டால் 'திறந்தது' என்றே கணக்கு. பாதுகாப்புக்கு அதுதான் சரி. அதாவது, எஸ் விழும் நொடியில் அது எல்லா டிரிப் சமிக்ஞைகளுக்கும் 'நிறுத்து' என்று ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போகிறது. ஆரும் டியும் ஒருமனதாக 'நலம்' என்று சொல்லும்வரை கவலையில்லை.

டிரிப் பதிவை மில்லி நொடி வரிசையில் பிரித்துப் பார்த்தேன். முதலில் எஸ் தொடர்பை இழக்கிறது. ஓரிரு கணக்குச் சுற்றுகளில் தீ டிரிப். திரை காட்டியது இரண்டாவது வரியை மட்டும். முதல் வரி கண்டறி அலாரம் என்ற வேறு பட்டியலில் கிடந்தது. அந்தப் பட்டியலை முழுக்கத் திறந்தால் நாற்பதுக்கு மேல் நிற்கும் அலாரங்கள். பெரும்பாலானவை வருடக்கணக்காகத் தூங்குபவை: உபயோகத்தில் இல்லாத உள்ளீடுகள், எப்போதோ கழற்றிய சென்சார்கள். அவற்றுக்கு நடுவே டிரிப்புக்கு ஒன்பது நாள் முந்தைய தேதியோடு ஒன்று: டி ரேக், தீயணைப்பு கான்டாக்ட், ஓட்டில் முரண்பாடு.

அவ்வளவுதான் கதை. தீயணைப்பு பேனலிலிருந்து வருவது ஒரே கான்டாக்ட். டெர்மினல் போர்டில் அது மூன்று கேபிள்களாகப் பிரிந்து மூன்று ரேக்குக்கும் போகிறது. டி பக்கம் போகும் 37 முள் கனெக்டரில் ஒரு முள் அரித்துப் பச்சை பூத்திருந்தது. ஆகவே ஒன்பது நாளாக டி 'தீ' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆரும் எஸ்ஸும் 'இல்லை' என்று மறுத்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கு ஒன்று. எஸ் விழுந்ததும் அதன் ஓட்டு டியோடு சேர்ந்தது. தீயணைப்பு பேனல் பாவம், இதில் அதற்குச் சம்பந்தமே இல்லை.

எஸ் ஏன் விழுந்தது

டிரிப்புக்கு விடை கிடைத்த அன்றே அறிக்கையை முடித்திருக்கலாம். கனெக்டரை மாற்று, எஸ்ஸை ரீபூட் செய், கையெழுத்துப் போடு. நிலைய மேலாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் எஸ் விழுவது புதிதல்ல என்று ஷிப்ட் ஆட்கள் பேச்சுவாக்கில் சொன்னார்கள். "அது அப்பப்ப படுக்கும் சார், ரீபூட் பண்ணினா எழுந்துக்கும்." எத்தனை முறை என்று கேட்டால் பதிவேட்டில் பாதிதான் இருக்கிறது. டர்பைன் ஓடிக்கொண்டே இருக்கும்போது எதை எழுதுவது?

மீதியை எரிவாயு வால்விடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேஸ் கண்ட்ரோல் வால்வை நகர்த்தும் சர்வோவில் மூன்று சுருள்கள், ரேக்குக்கு ஒன்று. ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கவே மொத்தம் 0.8 மில்லி ஆம்பியர் வேண்டும். மூவரும் பகிர்ந்தால் ஆளுக்கு சுமார் 0.27. ஒருவர் விழுந்தால் மற்ற இருவரும் ஆளுக்கு 0.4 கொடுத்தாக வேண்டும். பழைய டிரெண்டுகளில் (பதிவான வரைபடங்களில்) ஆர், டி சுருள் மின்னோட்டம் 0.27-லிருந்து 0.4-க்குத் தாவிய இடங்களைக் குறித்தோம். பதிவேடு மறந்த ஒவ்வொரு வீழ்ச்சியும் அங்கே தேதி, நேரத்தோடு இருந்தது. இந்த வித்தையை யாரும் கையேட்டில் எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்த நிலையத்திலும் செய்து பார்க்கலாம்.

குறித்த தேதிகளை வரிசையில் வைத்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, எல்லாமே ஐப்பசிக்கும் தைக்கும் இடையில். இரண்டு, எல்லாமே அதிகாலை இரண்டு மணியை ஒட்டி.

இதற்கு முன் செய்த வைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய மழைக்காலத்தில் எஸ்ஸின் பிராசசர் கார்டை மாற்றியிருந்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் தொந்தரவில்லை. மழை நின்றதால் குணமான பழுதுக்குப் புதுக் கார்டு பெயர் வாங்கிக்கொண்டது. இந்த ஐப்பசியில் திரும்பவும் விழ, தொடர்பு கார்டை மாற்றினார்கள். சில வாரம் சும்மா இருந்தது, மறுபடி விழுந்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்டைக் கழற்றிச் செருகும்போது முட்கள் உராய்ந்து மேல் படலம் துடைக்கப்படுகிறது. பழைய கார்டையே கழற்றிச் செருகியிருந்தாலும் அதே சில வாரம் நிம்மதி கிடைத்திருக்கும். தடயத்தையும் துடைத்து, குணமான பாவனையும் காட்டும் ஒரு செயல் அது. எனவே கார்டில் கை வைக்கும் முன் அத்தனை கனெக்டரையும் படம் எடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இயந்திரம் நின்றிருந்தபோது எஸ்ஸின் பிராசசரையும் தொடர்பு கார்டையும் டிக்கும், டியுடையதை எஸ்ஸுக்கும் இடம் மாற்றினோம். பழுது கார்டோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இடத்தோடு நின்றது. புதிதாக இன்னொரு கார்டு வாங்கும் கோப்பு அதோடு மூடப்பட்டது.

பவர் சப்ளையைப் பார்க்கச் சொன்னார் நிலையத்தின் மூத்த டெக்னீஷியன் அண்ணன். நியாயமான சந்தேகம். பேனலுக்கு வரும் 125 வோல்ட் டிசி தரையோடு ஒட்டாமல் மிதக்க வேண்டும்; நேர், எதிர் இரு முனைக்கும் தரைக்கும் இடையே கிட்டத்தட்ட 62 வோல்ட் சமமாக நிற்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் 90-ஐத் தாண்டியது. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேடியதில், கேஸ் ஸ்கிட் அருகே ஒரு ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர். கேபிள் நுழையும் கிளாண்ட் வழியாக இறங்கியிருந்தது. காயவைத்து அடைத்தோம், வோல்டேஜ் சமமானது. அடுத்த ஈரமான இரவில் எஸ் மறுபடி விழுந்தது. உண்மையான பழுதுதான், நாங்கள் தேடிய பழுது அல்ல. ரேக்குகளுக்கு இடையிலான கோஆக்ஸ் வயரில் இரு முனை டெர்மினேட்டரும் (சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) இருக்கிறதா என்று மின்சாரம் துண்டித்து அளந்தோம்: 25 ஓம், சரியாக இருந்தது.

இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது

ஷிப்ட் மாறுவதில்லை, லோடு மாறுவதில்லை. கேட்டுக்கொண்டே போனதில் கிடைத்தது ஏசி டைமர். கண்ட்ரோல் பேனல் அறைக்கு இரண்டு ஏசி இயந்திரங்கள், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை முறை மாறும்: மதியம் இரண்டு, அதிகாலை இரண்டு. அதிகாலையில் பொறுப்பேற்பது இரண்டாவது இயந்திரம்.

ஏசி மெக்கானிக் கீழக்கரைக்காரர், நிலையத்தில் எல்லாருக்கும் காக்கா, அந்த ஊர் வழக்கில் அண்ணன். அவரை அழைத்து இரண்டாவது இயந்திரத்தை ஓடவிட்டோம். பைப்பில் கை வைத்தவர் தலையை ஆட்டினார்.

"தம்பி, காத்து வருது, குளிர் வரல. கேஸ் போயிருச்சு. காயிலைப் பாருங்க, தொட்டா உதிருது."

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும் காக்கா?"

"ஒரு வருசத்துக்கு மேலயே இருக்கும். கூப்பிட்டாத்தானே நான் வருவேன். ரூம் சில்லுன்னு இருக்கறப்ப எவன் கூப்பிடுவான்?"

அறை ஏன் சில்லென்று இருந்தது? வெப்பம் 27 டிகிரியைத் தொட்டால் முதல் இயந்திரம் தானாகவே உதவிக்கு வந்துவிடும். ஆகவே யாருக்கும் வேர்க்கவில்லை. அதோடு இரண்டாவது இயந்திரத்தின் வெளிக்காற்று டேம்பர் (காற்றுவழி மூடி) துருப்பிடித்துத் திறந்தபடி இறுகியிருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு நடந்தது இதுதான்: முதல் இயந்திரம் நிற்கும், இரண்டாவதன் புளோயர் வெளிக்காற்றைக் குளிர்விக்காமல் அப்படியே உள்ளே தள்ளும், முதல் இயந்திரம் திரும்ப எழும்வரை அறை முழுக்க வாடைக்காற்று.

மழை இரவில் இந்தக் கரையில் 25 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்பது சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 23 டிகிரி. ஏசியில் 19, 20 டிகிரிக்குக் குளிர்ந்த எந்த உலோகத்தைத் தொட்டாலும் அது நீராகும். மூன்று ரேக்கில் எஸ்தான் ஏசி குழாயின் வாய்க்கு நேர் கீழே இருந்தது. அறையிலேயே அதிகம் குளிர்ந்த பொருள், கார்டுகள் செருகும் அதன் பின்பலகைதான். எஸ் ஏன், ஆர் ஏன் இல்லை என்ற கேள்விக்கு மின்னணுவியலில் விடை தேடியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்போம்.

வெறும் ஈரம் இவ்வளவு செய்யாது. சுத்தமான பனிநீர் மின்சாரத்தைப் பெரிதாகக் கடத்தாது. எஸ்ஸின் பின்பலகை கனெக்டரைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நிலையத்தின் நீர் ஆய்வகத்தில் கொடுத்தோம். சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டதும் வெள்ளையாகக் கலங்கியது, குளோரைடு. துடைக்காத புதுப் பஞ்சின் நீர் தெளிவாகவே இருந்தது. பாய்லர் நீருக்காக வைத்திருக்கும் அதே மருந்து, சில நிமிட வேலை.

உப்பு என்றால் சோடியம் குளோரைடு மட்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பும். அது ஈரம் உறிஞ்சிக் கரையச் சுமார் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவது இதனால்தான். ஆகவே '50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கிறோம், பயமில்லை' என்ற பேச்சு உப்புப் படிந்த கார்டுக்குப் பொருந்தாது. படலம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். இரண்டு மணிக்கு அது நன்றாக நனையும், பக்கத்துப் பக்கத்து முட்களுக்கிடையே மின்சாரம் கசியும், தொடர்பு கார்டு பேச்சை இழக்கும், ரேக் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அறை மறுபடி காய்ந்த பிறகு ரீபூட் செய்தால் எல்லாம் சரி.

ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிரூபித்தால்தான் ஆயிற்று. அடுத்து இயந்திரம் நின்ற வாய்ப்பில் மூன்று ரேக்கிலும் வெப்ப-ஈரப்பதப் பதிவுக் கருவிகளை வைத்தோம். மழை பெய்த ஓர் இரவில் டேம்பரைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு ஏசியை முறை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. தகரத்தை எடுத்துவிட்டு, அறையை மறுபடி குளிர்வித்து, முறை மாற்றினோம். எஸ்ஸுக்குள் ஈரப்பதம் சில நிமிடங்களில் 90-ஐத் தாண்டியது, அரை மணிக்குள் எஸ் விழுந்தது. ஆரின் கருவி அந்த உச்சத்தைத் தொடவே இல்லை.

செய்த வேலையும் செய்யாமல் விட்டதும்

எஸ்ஸின் பின்பலகையும், டெர்மினல் போர்டுகளிலிருந்து டிக்குப் போகும் கேபிள்களில் பச்சை பூத்தவையும் மாற்றப்பட்டன. மற்றவற்றை அயனி நீக்கிய நீராலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் கழுவிக் காயவைத்தோம். ஏசியின் காயில் (குளிர்விக்கும் சுருள்) பூச்சு போட்டதாக மாற்றப்பட்டது. வெளிக்காற்று இனி வடிகட்டி வழியாக மட்டும். அறைக்குள் 25 பாஸ்கல் அளவு மிகை அழுத்தம், கேபிள் டிரெஞ்ச் வாய்கள் அடைப்பு. குழாயின் வாய் எஸ்ஸின் தலைக்கு மேலிருந்து நகர்த்தப்பட்டது. ஏசி முறை மாறும்போது புளோயர் ஓடுகிறதா என்று பார்ப்பதை விட்டு, வெளிவரும் காற்று குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து அலாரம் தரும்படி செய்தோம். காற்றின் அரிப்பை அளக்க அறையில் செம்பு, வெள்ளித் தகடுகள் தொங்குகின்றன. கருவி அறைக் காற்றுக்கான ஐஎஸ்ஏ 71.04 தரப்படி அரிப்பு மிகக் குறைந்த ஜி1 வகை அறை என்றால் 30 நாளில் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ், வெள்ளியில் 200-க்குக் கீழ்தான் அரிப்பு இருக்க வேண்டும்.

இயக்க முறையில் ஒரு மாற்றம் போதும் என்றேன். எந்த ரேக்கையும் ரீபூட் செய்யும் முன், மற்ற இரண்டில் டிரிப் உள்ளீடுகள் எதிலாவது முரண்பாடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் கை வைக்கக் கூடாது. இந்தச் சம்பவத்தில் எஸ் தானாக விழுந்தது. ஆனால் அந்த ஒன்பது நாளில் யாராவது பகல் வெளிச்சத்தில் நல்லெண்ணத்தோடு எஸ்ஸை ரீபூட் செய்திருந்தாலும் அதே டிரிப் வந்திருக்கும். இதற்காகவே அந்த நாற்பது அலாரங்களையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துப் பட்டியலைக் காலி செய்யச் சொன்னேன். சலிப்பான வேலை, யாரும் பாராட்ட மாட்டார்கள். நாற்பதுக்குள் நாற்பத்தோராவது வந்தால் தெரியாது. காலிப் பட்டியலில் ஒன்று வந்தால் ஷிப்ட் பையனுக்கே தெரியும்.

பொதுக் காரணத்தால் மாற்றுகள் சேர்ந்து விழுவதை, பாதுகாப்பு அமைப்புகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61508 பீட்டா என்ற விகிதமாகக் கணக்கில் சேர்க்கிறது. லாஜிக் பகுதிக்கு அது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம். காகிதத்தில் சின்ன எண். ஆனால் மூன்று ரேக்கும் ஒரே அறையில், ஒரே காற்றை மூச்சு விடும்போது, எஸ்ஸும் டியும் தனித்தனிப் பழுது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டியின் கனெக்டரில் எடுத்த பஞ்சும் சில்வர் நைட்ரேட்டில் வெள்ளையாகவே கலங்கியது.

மேலாளர் கடைசியில் கேட்டது, மொத்த அமைப்பையும் புதுத் தலைமுறைக்கு மாற்றிவிடலாமா என்று. மாற்றலாம், பழைய உதிரிகள் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. ஆனால் அறையின் காற்று சரியாகும் முன் மாற்றினால், புதுக் கார்டுகளும் இரண்டு வாடையில் இதே பச்சையைப் பூக்கும். முதலில் தகடுகளின் அளவு வரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

முன்பு எஸ்ஸிலிருந்து கழற்றிய பிராசசரும் தொடர்பு கார்டும் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து 'குறை ஏதும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்திருந்தன. யாரும் அந்தச் சீட்டை நம்பவில்லை. சிவப்புத் துணி கட்டி ஸ்டோரில் ஓரமாக வைத்திருந்தார்கள். அந்த ஸ்டோருக்கு ஏசி கிடையாது, ஜன்னல் கடல் பக்கம். இரண்டையும் கழுவி, டியில் ஓட்டிப் பார்த்து, துணியை அவிழ்த்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் உதிரியாக ஏற்றிக்கொண்டோம்.